அமிலமுறி மருந்தை எப்போது, எப்படி உட்கொள்வது?

நெஞ்செரிச்சலுக்கும் புளித்த ஏப்பத்துக்கும் வாங்கும் மருந்துகள் அனைத்தையும் ‘கேஸ் மாத்திரை’ என்ற ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். ஆனால் ஆன்டாசிட் எனப்படும் அமிலமுறி மருந்து, இரைப்பையில் ஏற்கெனவே சுரந்திருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நடுநிலையாக்குமே தவிர, புதிதாகச் சுரப்பதைத் தடுக்காது. சுரப்பையே குறைக்கும் ஒமிப்ரசோல் போன்றவை வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றின் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். எரிச்சல் உடனே தணிய வேண்டுமானால் அமிலமுறியே பொருத்தமானது.

வெறும் வயிற்றில் எடுத்தால் மருந்து இரைப்பையை விட்டு விரைவில் இறங்கிவிடுவதால், பலன் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்காது. உண்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால், உணவோடு தங்கி மூன்று மணி நேரம் வரைகூட வேலை செய்யும். திரவ மருந்தை நன்றாகக் குலுக்கிய பிறகே அளக்க வேண்டும். மெல்லும் மாத்திரையை மென்றுதான் விழுங்க வேண்டும்.

உறையில் அச்சிட்டிருக்கும் உட்பொருள்களைப் படிப்பது வீண் வேலையன்று. மக்னீசியம் ஹைட்ராக்சைடு வயிற்றை இளக்கும், அலுமினியம் ஹைட்ராக்சைடு மலத்தை இறுக்கும் என்பதால் இரண்டையும் பெரும்பாலும் சேர்த்தே தயாரிக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களின் உடலில் இவ்விரண்டும் தேங்கக்கூடும். சோடியம் பைகார்பனேட்டில் உப்புச்சத்து மிகுதி. உயர் இரத்த அழுத்தமோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. சிமெதிக்கோன் வாயுக் குமிழிகளை உடைக்கும், அமிலத்தை முறிக்காது.

பலரும் கவனிக்காத ஆபத்து, பிற மருந்துகளோடு இதைச் சேர்த்து விழுங்குவதில் இருக்கிறது. இதிலுள்ள உலோக அயனிகள் டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகள் (ஆன்டிபயாடிக்), தைராய்டுக்கான லெவோதைராக்சின் போன்றவற்றைப் பற்றிக்கொள்வதால், அம்மருந்துகள் குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடுகின்றன. இரும்புச்சத்து மாத்திரையின் பலனும் குறைகிறது. லெவோதைராக்சினுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. சிப்ரோஃப்ளாக்சசினை அமிலமுறிக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும்.

மருத்துவர் சொல்லாமல் இரண்டு வாரங்களுக்கு மேல் அமிலமுறியைத் தொடரக் கூடாது. விழுங்குவதில் சிரமம், காரணமற்ற எடை இழப்பு ஆகியவை இருந்தால் அதுவரைகூடக் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருநிற மலமோ இரத்த வாந்தியோ கண்டாலும், நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தாலும், அமிலமுறி குடித்துப் பார்த்து நேரத்தைக் கழிக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.