பல்லாங்குழி: இரண்டு பேருக்கு, குழிக்கு ஐந்து காய்

இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருக்கும் மாலைக்கு என்ன ஆடலாம் என்று கேட்டால், எங்கள் முதல் பரிந்துரை பல்லாங்குழிதான். நாலு பேர் இருந்தால் கேரம் போர்டை எடுங்கள். இது இருவருக்கான ஆட்டம். கரண்ட் போனாலும் ஆடலாம். கண் பார்வை மங்கிய பாட்டிகூட விரலால் தடவியே காயை எண்ணிவிடுவார். எண்ணத் தெரிந்த பிள்ளைக்கும் அவருக்கும் இதில் சமமான போட்டி நடக்கும்.

பலகையும் காயும்

வரிசைக்கு 7 என இரண்டு வரிசை, மொத்தம் 14 குழி. பலகை வாங்கும்போது அழகைவிட ஆழத்தைப் பாருங்கள். ஆட்டம் சூடுபிடித்தால் ஒரே குழியில் பத்துப் பதினைந்து காய் சேரும். ஆழமில்லாத குழியென்றால் பக்கத்துக் குழிக்குள் உருண்டு கணக்கே கெட்டுவிடும். மடிக்கும் பலகையில் கீல் தளர்ந்திருந்தாலும் இதே தொல்லைதான். பலகை இல்லையா? ஒரே அளவில் 14 கிண்ணங்களை அடுக்குங்கள், அல்லது தரையில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

பல பலகைகளில் இரண்டு முனையிலும் பெரிய குழி ஒன்று இருக்கும். அது ஜெயித்த காயைச் சேர்த்துவைக்கும் இடம் மட்டுமே. போனில் மங்கலா (Mancala) என்ற இதே மாதிரிக் குழி ஆட்டத்தை ஆடிப் பழகியவர்கள் சுற்றி வரும்போது அதிலும் ஒரு காய் போட்டுவிடுவார்கள். பல்லாங்குழியில் அது கிடையாது.

காய்க்குப் புளியங்கொட்டையே போதும். கழுவி, பிசுக்குப் போக வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஒட்டும் கொட்டை இரண்டிரண்டாக விழும். மஞ்சாடி ஒரே அளவாக, கைக்கு வழுவழுப்பாக இருக்கும். சோழிக்கு நல்ல சத்தம் உண்டு, ஆனால் இடத்தை அடைக்கும். குன்றிமணியை மட்டும் வேண்டவே வேண்டாம் என்போம். உள்ளே இருப்பது கடும் விஷம். தோல் உடைந்த மணியைக் குழந்தை மென்றால் உயிருக்கே ஆபத்து. எந்தக் காயானாலும் தவழும் குழந்தை இருக்கும் இடத்தில் விரிக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

ஆடும் முறை

ஊருக்கு ஊர் முறை மாறும். புதியவர்களுக்குக் குழிக்கு 5 காய் வைத்து, பசு (ஒரே குழியில் சேரும் நாலு காய்) எடுக்கும் ஆட்டம்தான் சரி. 70 காய் வேண்டும். தொலைவதற்கென்று பத்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்துக் குழிகளை இடமிருந்து வலமாக 1 முதல் 7 என்று எண்ணுங்கள். 7க்கு நேர் எதிரே 8. அங்கிருந்து திரும்பி 14 வரை. எதிராளிக்கும் அது இடமிருந்து வலம்தான்.

உங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு குழியின் காய்களை முழுக்க அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு உங்கள் முறை முடிந்தது. இரண்டு குழி தொடர்ந்து வெறுமை என்றால் ஒன்றும் கிடைக்காது.

காய் போடும்போது ஒரு குழியில் சரியாக 4 சேர்ந்தால் அது பசு. யார் ஆடினாலும், அந்தக் குழி யார் பக்கமோ அவருக்கே அந்த நாலும்.

முதல் நகர்வைப் பலகை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1ஐ அள்ளினால் 6 வரை போகும். அடுத்து 7ஐ அள்ள 12 வரை. 13ஐ அள்ள, சுற்றி வந்து 4 வரை. 5இல் இப்போது 6 காய். அது 11 வரை. 12இலும் 6, அது மறுபடி 4 வரை. அடுத்த 5 வெறுமை. துடைத்து, 6இல் இருக்கும் 7 காயை எடுக்கிறீர்கள். குழிக்கு 5 வைத்தால் எந்தக் குழியில் தொடங்கினாலும் முதல் ஆட்டம் இப்படித்தான் ஓடும்: ஐந்து முறை அள்ளல், கடைசியில் 7 காய். வேறு எண் வந்தால் எங்கோ ஒரு குழியில் இரண்டு விழுந்திருக்கிறது, அல்லது ஒரு குழி விட்டுப்போயிருக்கிறது. சிலர் 6 வைத்துத் தொடங்குவார்கள். அதில் இரண்டு முறை அள்ளியதுமே தொடங்கிய வெறுங்குழிக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஓட்டத்தின் ருசி பிடிபடாது.

இப்போது எதிராளி 8ஐ அள்ளுகிறார் என்று வையுங்கள். அவர் மூன்றாவது முறை அள்ளிப் போடும்போது உங்கள் 1ஆம் குழியில் 4 சேரும். ஆடுவது அவர், பசு உங்களுக்கு. இன்னும் கொஞ்சம் ஓடி 13இல் அவருக்கும் ஒரு பசு. கடைசியில் 6ஐத் துடைத்து 7இலிருந்து 3 எடுப்பார். கையிருப்பு உங்களுக்கு 11, அவருக்கு 7.

சண்டை வருமிடம்

மூன்றை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். பசுவைக் கவனிக்காமல் அதன் மேல் அடுத்த காய் விழுந்துவிட்டால் அது போனதுதானா? கடைசிக் காயால் பசு சேர்ந்தால், எடுத்துவிட்டு ஆட்டம் தொடருமா? துடைத்து எடுக்கும்போது எதிர்வரிசைக் குழியில் இருப்பதும் சேர்த்தா? முதல் இரண்டுக்கும் "ஆமாம்", மூன்றாவதற்கு "இல்லை" என்று வைத்துக்கொண்டால் புதியவர்களுக்குச் சுலபம். தொட்ட குழியை ஆடியே ஆக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். காய்களை விரலால் எண்ணிப் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். எண்ணுவதுதான் இந்த ஆட்டமே.

கொஞ்சம் சூட்சுமம்

ஒரு குழியில் எத்தனை காயோ, அதோடு ஒன்று கூட்டி அத்தனையாவது குழியைப் பாருங்கள். அது வெறுமையாகவும் அதற்கடுத்தது கனமாகவும் இருந்தால் உடனே அள்ளலாம். 13 காய் உள்ள குழி தனிச் சொத்து: முழுச் சுற்று வந்து, தொடங்கிய வெறுங்குழியின் முன்னால் முடியும். துடைத்துவிட்டு அடுத்த குழியை எடுக்க வேண்டியதுதான். அந்த அடுத்த குழி கனக்கும்வரை பொறுத்திருந்து ஆடுங்கள். உங்கள் பக்கத்தில் 3 காய் உள்ள குழியை அவசரப்பட்டு அள்ளாதீர்கள், எதிராளியே நாலாவதைப் போட்டுக் கொடுப்பார். ஒற்றைக் காய்க் குழியிலிருந்து இரண்டாவது குழி வெறுமையாக இருந்தால், அந்தக் காயை நகர்த்தி ஒரு முறையைக் கடத்துவதும் நல்ல ஆட்டம்தான்.

அடுத்த சுற்று

ஒருவர் முறை வரும்போது அவர் பக்கம் காயே இல்லையென்றால் சுற்று முடிந்தது. மீதி, இருக்கும் பக்கத்தவருக்கு. பிறகு அவரவர் காயால் அவரவர் குழிகளை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். 42க்கு 28 என்று முடிந்தால், 42 உள்ளவர் 7 குழியும் நிரப்பி 7 காயைக் கையில் வைத்துக்கொள்வார். மற்றவரால் 5 குழிதான் முடியும். 3 கையில் நிற்கும். நிரம்பாத இரண்டிலும் குச்சி போட்டு மூடுங்கள். அங்கே யாரும் காய் போடக் கூடாது. மீதம் 12 குழி என்பதால் முன்னே சொன்ன 13, இப்போது 11 ஆகிவிடும். இதை மறந்துதான் பலரும் இரண்டாம் சுற்றில் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாதவர் தோற்றார்.

அந்த நிலைக்குப் போக நெடுநேரம் ஆகலாம். பிள்ளைகளோடு ஆடினால் மூன்று சுற்றில் நிறுத்தி, கையில் அதிகம் இருப்பவரை ஜெயித்தவராக்குங்கள். எடுத்து வைக்கும் முன் 70ஐயும் எண்ணிவிடுங்கள். குறைந்தால் பாய்க்கு அடியில் அப்போதே தேடுவது நல்லது.