தேவசாயல் பாடம்: ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேவன் மனிதனைத் தம்முடைய சாயலாகப் படைத்தார் என்று சொல்லும் ஆதியாகமம் (பைபிளின் முதல் புத்தகம்) முதல் அதிகாரத்தை நடத்தும்போது கரும்பலகையில் கோடு போட்டு ஒரு பக்கம் மனிதன், மறுபக்கம் மிருகம் என்று எழுதுவது வழக்கம். மனிதன் பேசுவான், யோசிப்பான், கருவி செய்வான், மிருகத்தால் முடியாது. பாடம் தடம் மாறுவது இங்கேதான். சிம்பன்சி புல்தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கறையான் பிடிப்பதை 1960-லேயே ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் விலங்கு ஆய்வாளர் ஜேன் குடால் பார்த்துவிட்டார். பூக்கள் இருக்கும் திசையைத் தேனீ ஆடிக்காட்டுகிறது. யானையின் மூளை நம் மூளையைவிட மூன்று மடங்குக்கும் மேல் எடை. இதையெல்லாம் யூடியூபில் பார்த்த பிள்ளை எழுந்து கேட்டால் பட்டியல் அங்கேயே சரியும்.

அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பேச்சு வராத பிள்ளையோ, மற்றவர்களைப் போல் வேகமாகக் கற்க முடியாத பிள்ளையோ வகுப்பில் இருந்தால், அந்தக் கோடு அவர்களை எந்தப் பக்கம் நிறுத்தும்? ஆதியாகமம் 1:27 எந்தத் திறமையையும் சொல்லவில்லை. ‘தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்’ என்பது தேவன் கொடுத்த நிலை. பேச்சும் அறிவும் அந்த நிலையில் நாம் பயன்படுத்தும் வரங்கள். அவை இருந்தால்தான் மனிதன் என்பதில்லை. பாடத்தின் உயிர் இந்த ஒரு கருத்துதான். மற்றதில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

சாயல் என்றதும் சின்னப் பிள்ளைகள் முகத்தைத்தான் நினைப்பார்கள். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தோல் என்று ஒரு படத்தைக் காட்டினால், கறுத்த பிள்ளை ‘நான் அந்தச் சாயல் இல்லை’ என்று மனதுக்குள் முடிவு செய்துவிடும். படமே வேண்டாம், ‘தேவன் ஆவியாயிருக்கிறார்’ (யோவான் 4:24) என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி உதவும். பழங்கால மேற்கு ஆசியாவில் அரசனுடைய சிலை அவனுக்குப் பிரதிநிதியாக நிற்கும். சிரியாவின் தெல் ஃபெக்கெரியேயில் 1979-இல் கிடைத்த சிலையில், 1:26-இல் வரும் ‘சாயல்’, ‘ரூபம்’ ஆகிய இரண்டுக்கும் உறவான அரமேயச் சொற்கள் அரசனுடைய சிலையையே குறிக்கின்றன. ஆதியாகமமோ அந்த இடத்தை அரசனுக்கு மட்டுமல்ல, ஆணும் பெண்ணுமாக எல்லாருக்கும் கொடுக்கிறது.

‘ஆண்டுகொள்ளுங்கள்’ என்ற 1:28-ஐப் படித்ததோடு நிறுத்தினால், நாயைக் கல்லால் அடிக்கவும் உரிமை உண்டு என்றாகிவிடும். ‘பண்படுத்தவும் காக்கவும்’ என்ற 2:15-ஐ அதே வகுப்பில் படியுங்கள். மீன்களும் பறவைகளும்கூட ஆசீர்வாதம் பெற்றன (1:22). இரண்டு வாரம் மொட்டைமாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பது நல்ல வீட்டுவேலை.

பாவத்தால் சாயல் அடியோடு அழிந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். சாயல் கெட்டது உண்மை. ஆனால் ஆதியாகமம் 9:6, யாக்கோபு 3:9 இரண்டும் ஆதாம் பாவத்தில் விழுந்ததற்குப் பிறகுள்ள மனிதரையே தேவசாயலில் உண்டானவர்கள் என்கின்றன. யாக்கோபு அந்த வசனத்தில் கண்டிப்பது மனிதரைச் சபிக்கும் நாவை. பட்டப்பெயர் வைப்பதும் சாதி சொல்லித் திட்டுவதும் இங்கேதான் வந்து சேர்கின்றன. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் நின்ற சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இதை மழுப்பாமல் பேசுங்கள். பேசாமல் விட்டால் வசனம் ஒப்பிப்பதோடு நின்றுவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, நாற்பது நிமிட வகுப்பில் மிருக முகமூடி வெட்டி ஒட்டவே இருபத்தைந்து நிமிடம் போய்விடுகிறது. கைவேலையைப் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு மனன வசனமாக 1:27-இன் முதல் ஐந்து சொற்கள் போதும்.

கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். தொட்டிலில் தூங்கும் பாப்பா தேவசாயலா? எல்லாம் மறந்துபோன தாத்தா? நேற்று உன்னோடு சண்டை போட்டவன்? எதற்காவது பிள்ளைகள் தயங்கினால், அடுத்த வாரம் புதிய பாடத்துக்குப் போகாமல் 1:27-ஐயே மறுபடி எடுங்கள்.