ஏற்காட்டுப் பழைய காப்பிக் கிடங்கைப் பழுது பார்க்கும் முறை

சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் ஏற்காட்டுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகப் பெருக, காய வைத்த காப்பியைக் காக்கக் கிடங்குகளும் தேவைப்பட்டன. ஐரோப்பாவில் பீர் முதிர வைத்த நிலவறைகள் குளிர்ச்சியை நாடிப் பூமிக்குள் இறங்கின; நம் மலைக் கிடங்கோ ஈரத்துக்கு அஞ்சித் தரையை உயர்த்திக்கொண்டது. 10 முதல் 12 சதவீத ஈரப்பதத்துக்குள் காய்ந்த காப்பி, ஓதமேறிய அறையில் மீண்டும் ஈரத்தை இழுத்துப் பூஞ்சை பிடித்துவிடும் என்பதே அதற்குக் காரணம்.

ஆகவே முதலில் மழைநாளில் உள்ளே நின்று, ஓதம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று கரிக்கட்டியால் கோடிட்டுக்கொள்ளுங்கள். பிறகு வெளியே வந்து, பல்லாண்டுகளாகச் சேர்ந்த மண் அடித்தளத்தை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் அந்த மண்ணை அகற்றி, மழைநீர் சுவரை விட்டு விலகி ஓட வாய்க்கால் வெட்டுங்கள். பாதித் தொல்லை இதிலேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். காற்றுத் துளைகளை அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள்.

அடுத்து, காரையைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். வெண்மையாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. கீறல் மட்டும் விழுந்தால் பிற்காலச் சிமெண்ட். சுண்ணாம்பு, சுவர் குடித்த ஈரத்தை ஆவியாக வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்து, உப்புப் பூக்கச் செய்து, செங்கல்லை அரித்துவிடும். எங்கள் கிடங்கின் மேற்குச் சுவருக்குச் சிமெண்ட் பூசினோம். இரண்டாவது மழைக்காலத்தில் அது பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. பெயர்ந்த துண்டின் பின்புறத்தில் செங்கல்லின் மேல்தோல் அப்படியே ஒட்டியிருந்ததைக் கண்டபோது மனம் கனத்தது.

நன்கு நீற்றி ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊற வைத்த நீர் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, மெல்லிய பூச்சுகளாக, ஒன்று இறுகிய பின் மற்றொன்றாகப் பூசச் சொல்லுங்கள். மழை ஓய்ந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களே இதற்கு உகந்தவை. வெயிலில் வெடிக்காமலிருக்க ஈரச் சாக்கைத் தொங்க விடுங்கள். கொத்தனார் அவசரப்பட்டால் இணங்காதீர்கள்.

கூரை ஓடுகளை இறக்கும்போது அடிப்புற முத்திரையைப் படமெடுத்து வையுங்கள். பாசல் மிஷன் என்ற கிறித்தவ ஊழிய அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல்தான்; ஆகவே அதன் முத்திரை பதித்த ஓடு அதற்கு முந்தியதாக இருக்காது. ஆனாலும் ஓடு பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், அதைக் கொண்டு சுவரின் வயதைக் கணிக்கக் கூடாது. ஒவ்வோர் ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: கணீரென்று ஒலித்தால் மீண்டும் ஏற்றலாம், மந்தமாக ஒலித்தால் விரிசல் உண்டு.