வில்லியம்ஸ் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு

மாசசூசெட்ஸ் மலைப்பக்கம் இருக்கும் வில்லியம்ஸ் கல்லூரியில் மொத்தமே சுமார் 2,000 பேர்தான். பெரிய பல்கலைக்கழகத்தில் கிடைக்காதது இங்கே கிடைக்கும், ஆனால் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் ஒரு டுடோரியல் எடுங்கள். இரண்டு மாணவர்கள், ஒரு பேராசிரியர், அவ்வளவுதான் வகுப்பு. ஒரு வாரம் நீங்கள் கட்டுரை எழுதுவீர்கள், மற்றவர் அதை விமர்சிப்பார். அடுத்த வாரம் மாறும். நான் தத்துவத்தில் எடுத்தேன். படிப்பு முழுவதிலும் என்னை அதிகம் வளர்த்தது அதுதான். அனுப்புவதற்கு முன் கட்டுரையைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் வாதமும் தடுக்கும். விமர்சிக்கும் முறை வந்தால் "நல்லா இருந்தது" என்று நழுவாதீர்கள். எந்த வரியை நம்ப முடியவில்லை என்று விரல் வைத்துக் காட்டுங்கள். நண்பருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

ஜனவரியில் 'வின்டர் ஸ்டடி': ஒரே ஒரு பாடம்தான். உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.

விடுதியில் முதலாண்டு மாணவர்களோடு மூன்றாமாண்டு சீனியர்கள் தங்குவார்கள். விரும்பி வருகிறவர்கள். வீட்டு ஞாபகம் வாட்டினால் தயங்காமல் அவர்கள் கதவைத் தட்டுங்கள்.

அப்புறம், அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று வகுப்புகளை ரத்து செய்து 'மவுன்டன் டே' அறிவிப்பார்கள். அன்று நூலகத்தில் உட்காராதீர்கள். எல்லாரோடும் மலை ஏறுங்கள்.