என்பிடி டிரைவரில் பூஜ்ஜியமாக்கும் கட்டளை: நான் 6-இல் மாட்டிக்கொண்ட கதை

வீட்டு மினி பிசியின் டிஸ்கை என்பிடி (NBD, வேறொரு கணினியின் டிஸ்கை நெட்வொர்க் வழியே சொந்த டிஸ்க் போலக் காட்டும் லினக்ஸ் டிரைவர்) வழியாக லேப்டாப்பில் மாட்டியிருக்கிறேன். அதில் 20 ஜிபியைப் பூஜ்ஜியமாக்கினால், அத்தனை பூஜ்ஜியமும் வைஃபையில் ஊர்ந்து போகும். ‘இங்கிருந்து இவ்வளவு தூரம் துடை’ என்று சொல்ல 28 பைட் கோரிக்கைகள் சில போதுமே! ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று மட்டும் சொல்லும் ட்ரிம் கட்டளை இதற்கு உதவாது. ட்ரிம் செய்த இடத்தைப் படித்தால் பூஜ்ஜியம்தான் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. புதிய லினக்ஸ் கெர்னல்களில் அந்தத் துடைக்கும் கட்டளை, ரைட்-ஸீரோஸ் (write zeroes), வந்துவிட்டது. நான் 6.1-ஐ விட முடியாதவன், கையால் சேர்த்தேன். மாட்யூல் கம்பைல் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: என்பிடி ஹெடர் ஃபைலின் கட்டளைப் பட்டியலில் ரைட்-ஸீரோஸ் = 6 என்று சேருங்கள்.

படி 2: ‘எனக்கு இது தெரியும்’ என்று சர்வர் சொல்லும் ஃபிளாக். இதுவும் 6, ஆனால் 6-ஆம் பிட், அதாவது 64. நான் வெறும் 6 என்று எழுதித் தொலைத்தேன். 6 என்றால் 2 + 4, ரீட்-ஒன்லி, ஃபிளஷ் இரண்டின் பிட்டுகள். ஃபிளஷ் தெரிந்த சர்வருக்கெல்லாம் பூஜ்ஜியமாக்கவும் தெரியும் என்று டிரைவர் நம்பிவிட்டது. தெரியாத சர்வர் பிழை 22 அனுப்பியது. ஆனால் டிஸ்கைப் பூஜ்ஜியமாக்க நான் ஓட்டிய பிஎல்கே-டிஸ்கார்ட் -இசட் (blkdiscard -z) ஒன்றும் நடக்காதது போல முடிந்தது! கட்டளை தோற்றால் கெர்னலே பழையபடி பூஜ்ஜியங்களை எழுதிவிடும். கெர்னல் லாகைப் பார்த்தால்தான் பிழை தெரியும். இரண்டு இரவு போச்சு. சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் இடம் பிடிக்க மேசையில் வைத்த டிஷ்யூவில் பிட்டுகளை எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) ஆறிப்போயிருந்தது.

படி 3: பிளாக் லேயரின் (டிஸ்க் கோரிக்கைகளை டிரைவருக்கு அனுப்பும் கெர்னல் பகுதி) ரைட்-ஸீரோஸ் கோரிக்கையை நம் கட்டளையாக மாற்றும் இடத்தில் ஒரு வரி. ஹெடர் மட்டும் போகும், பின்னால் டேட்டா இல்லை. கோரிக்கையில் நோ-அன்மேப் (‘இடத்தை விடுவிக்காதே’) இருந்தால், சர்வருக்கு அதையே சொல்லும் நோ-ஹோல் (‘ஓட்டை போடாதே’) ஃபிளாக்கையும் சேருங்கள்.

படி 4: ட்ரிம்முக்கு உச்சவரம்பு வைக்கும் இடத்திலேயே இதற்கும் வையுங்கள். நீளத்துக்கு 32 பிட்தான், அதனால் அதன் உச்ச எண்ணை 512-ஆல் வகுத்த செக்டர்கள். சர்வருக்குத் தெரியாவிட்டால் 0. இந்த எல்ஸை விட்டுவிடாதீர்கள்.

சோதிக்க என்பிடிகிட் (nbdkit) என்ற என்பிடி சர்வர்தான், வேறெதையும் சொல்ல மாட்டேன். வரும் கோரிக்கைகளைக் குறித்துவைக்கும் அதன் லாக் ஃபில்டரில் ‘ரைட்’ வரிசையாக வராமல் ‘ஸீரோ’ வர வேண்டும். பிறகு, பூஜ்ஜியமாக்கத் தெரியாத சர்வர் போல நடிக்கும் நோஸீரோ ஃபில்டரோடு ஒருமுறை. என் பிழை அங்கே உடனே பிடிபட்டிருக்கும்.

பின்சேர்க்கை: துடைத்த பிறகு, சர்வரில் இருக்கும் ஸ்பார்ஸ் இமேஜ் (காலி இடங்களை ‘ஓட்டை’யாக விட்டு இடம் மிச்சப்படுத்தும் டிஸ்க் ஃபைல்) ஊதிப் பெருத்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். உங்கள் டிரைவர் சரிதான். பிஎல்கே-டிஸ்கார்ட் -இசட் நோ-அன்மேப் கேட்கிறது, என்பிடிகிட் லாகில் ‘ட்ரிம்=0’ என்று இருக்கும். ஓட்டை விழ வேண்டுமென்றால் எஃப்அலோகேட் (fallocate) கட்டளையின் பஞ்ச்-ஹோலைப் பயன்படுத்துங்கள்.