ஹாலில் அடர் நிற டிவி யூனிட்: எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி அலங்கரிப்பது

அடர் நிறத்தில் டிவி யூனிட் என்று பேச்செடுத்தாலே வீட்டில் வரும் முதல் பதில், "ஹால் இருட்டாயிடும்" என்பதுதான். சின்ன ஹாலில் சுவர் முழுக்கக் கறுப்புப் பேனல் அடித்து, அதே நிறத்தில் மேலேயும் பெட்டிகளைத் தொங்கவிட்டால் இருட்டாகத்தான் இருக்கும். வெளிர் நிறச் சுவருக்கு முன்னால், தாழ்வாக, தரையோடு ஒட்டாமல் ஒரே ஒரு அடர் நிற யூனிட் நின்றால் அப்படி ஆகாது. அணைத்து வைத்திருக்கும் டிவி எப்படியும் ஒரு பெரிய கறுப்புச் செவ்வகம்தானே. வெள்ளை யூனிட்டுக்கு மேல் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கீழே வால்நட்டோ வெங்கேயோ மாதிரி அடர் மர நிறம் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பொருளாகத் தெரியும், கண்ணுக்கு உறுத்தாது. நான் அடர் நிறத்தைச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். ஆனால் அந்த நிறம் அழகாக இருக்குமா இல்லையா என்பதை யூனிட் மட்டும் முடிவு செய்வதில்லை, அதைச் சுற்றி இருக்கும் சுவர், தரை, முக்கியமாக உங்கள் வீட்டு லைட் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

முதலில் டேப்பை எடுங்கள்

கடைக்குப் போகும் முன் அளவு. டிவிக்குச் சொல்லும் இன்ச் கணக்கு மூலைக்கு மூலை அளவு, அகலம் அல்ல. 43 இன்ச் டிவியின் அகலம் சுமார் 38 இன்ச், 55க்கு சுமார் 48 அல்லது 49, 65க்கு சுமார் 57. யூனிட் டிவியைவிட இரண்டு பக்கமும் குறைந்தது ஆறு இன்ச்சாவது நீண்டிருக்க வேண்டும். 55 இன்ச் டிவிக்கு ஐந்து அடி போதும், ஆறு அடி இன்னும் நன்றாக இருக்கும். டிவி யூனிட்டைவிட அகலமாக இருந்தால் எந்த நிறத்திலும் பார்க்க நன்றாக இருக்காது, அடர் நிறத்தில் இன்னும் தலைகனத்துத் தெரியும்.

உயரத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது, டிவியைக் கழுத்தை அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 40 இன்ச்சில் இருக்கும், திரையின் நடுப்பகுதி அந்த உயரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். 55 இன்ச் திரையின் உயரம் சுமார் 28 இன்ச், ஆக நடுப்பகுதியை 42 இன்ச்சில் வைத்தால் அடி விளிம்பு 28ல் வரும், யூனிட் 20 இன்ச் உயரம் என்றால் நடுவில் எட்டு இன்ச் இடைவெளி கிடைக்கும், சவுண்ட்பார் வைக்கத் தாராளம். இதெல்லாம் சோபாக் கணக்கு. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியைத் தவிர எல்லாரும் பாய் விரித்துத் தரையில்தான் உட்காருவீர்கள் என்றால் கண் உயரம் 30 இன்ச்சுக்குள் வந்துவிடும், அப்போது டிவியையும் யூனிட்டையும் கூடிய வரை தாழ்த்துங்கள். கடைக்காரர் "எல்லாரும் இப்படித்தான் சார் மாட்றாங்க" என்பார், கேட்காதீர்கள்.

ஆழம் 16 இன்ச் இருந்தால் செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல் எல்லாம் பின்னால் வயரோடு அடங்கும். 12 இன்ச்சில் பார்க்க ஒல்லியாக அழகாக இருக்கும், பிளக் மாட்டியதும் பெட்டி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

நிறத்தைக் கடையில் முடிவு செய்யாதீர்கள்

அடர் நிறம் என்ற ஒரே பெயரில் ரொம்ப வேறுபட்ட நிறங்கள் இருக்கின்றன. வெங்கே கிட்டத்தட்ட கறுப்பு. வால்நட் மிதமான பழுப்பு. ரோஸ்வுட், மஹோகனி இரண்டிலும் சிவப்பு ஓடும். சார்க்கோல் சாம்பல் பக்கம் போகும். கடையில் மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் எல்லாமே பணக்காரத்தனமாகத் தெரியும். நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட், அந்த நீலம் கலந்த வெளிச்சத்தில் சிவப்புப் பழுப்பு உயிரில்லாமல் சாம்பல் பூத்த மாதிரித் தெரியும், வெங்கே வெறும் கறுப்பாகிவிடும். அதே பலகை 3000 கெல்வின் வார்ம் வெளிச்சத்தில் தேன் ஓடினாற்போல் இருக்கும். அதனால் மைக்காக் கடையில் இரண்டு மூன்று சாம்பிள் துண்டுகளை வீட்டுக்கு வாங்கி வாருங்கள், கேட்டால் கொடுப்பார்கள். டீப்பாய் மேல் படுக்க வைத்துப் பார்க்காமல், யூனிட் வரப்போகும் இடத்தில் சுவரோடு செங்குத்தாக நிறுத்தி, காலையில் ஒரு முறை, ராத்திரி டியூப்லைட் போட்டு ஒரு முறை, டிவியை அணைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள். செலவில்லாத வேலை, ஆனால் இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

கதவு நிறத்தோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள். தேக்குக் கதவின் பாலிஷ் நிறத்துக்கு மைக்காவில் துணை தேடினால் கிட்டத்தட்ட ஒன்று கிடைக்கும், அந்தக் கிட்டத்தட்டதான் பிரச்சினை, பக்கத்தில் வைத்ததும் இரண்டில் ஒன்று சாயம் போனதாகத் தெரியும். கதவு தேன் நிறமா, யூனிட் தெளிவாக இரண்டு படி அடர்த்தியாக இருக்கட்டும். தரையில் ஐவரி டைல்ஸ் போட்டிருந்தால் அதில் மஞ்சள் சாயல் இருக்கும், அதற்கு வால்நட் மாதிரிப் பழுப்பு ஒத்துப்போகும். சார்க்கோலை அந்த டைல்ஸ் மேல் வைத்தால் டைல்ஸ் அழுக்கேறியது போலத் தோன்றும். சாம்பல் டைல்ஸ் வீட்டில்தான் சார்க்கோலும் கறுப்பும் எடுக்கும்.

தூசியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம்மூரில் ஜன்னலைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் ஒரு படலம் விழுந்துவிடும். மினுமினுக்கும் க்ளாஸி கறுப்பில் அந்தப் படலமும் தெரியும், பிள்ளைகளின் கைரேகையும் தெரியும், எதிர் ஜன்னலும் தெரியும். மேட் அல்லது ஸ்வேட் ஃபினிஷ், அதிலும் மர ரேகை ஓடுகிற வால்நட் எடுங்கள், ரேகைக்குள் தூசி கலந்து போய்விடும். ரேகையே இல்லாத ஒரே கறுப்பைத் தினமும் துடைக்கத் தயார் என்றால் மட்டும் வாங்கலாம்.

மைக்காவா, வெனீரா, நிஜ மரமா? மைக்கா என்பது மர ரேகையை அச்சடித்த காகிதத்தைப் பிசினோடு அழுத்திச் செய்த தகடு, அடி வாங்கும், தண்ணீர் தெறித்தால் தாங்கும், சாதாரண வீட்டுக்கு அதுவே போதும். வெனீர் நிஜ மரத்தின் மெல்லிய சீவல். கையால் தடவினாலே வித்தியாசம் புரியும், ஆனால் பால்கனி வெயில் நேராக விழும் ஹாலில் நிஜ வால்நட் நாளடைவில் வெளுக்கும், அதன் மேல் அசையாமல் வைத்திருந்த பொருளை எடுத்தால் அடியில் பழைய நிறம் வட்டமாகத் தெரியும். ஈட்டி மரம், அதாவது நிஜ ரோஸ்வுட், கேட்டுப் போகாதீர்கள், அதைப் பாதுகாக்கவே தமிழ்நாட்டில் 1994ல் தனிச் சட்டம் போட்டார்கள். ஈட்டி மேல் ஆசை இருந்தால் பழைய சாமான்தான் வழி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தாழ்வான பெட்டிகளும் பெஞ்சுகளும் அங்கே கிடைக்கும். ஆறு அடி நீளமும் 16 இன்ச் அகலமும் உள்ள ஒரு பழைய பெஞ்சை வாங்கி, டிவியைச் சுவரில் மாட்டி, அதற்குக் கீழே அதைப் போட்டால் எந்தப் புது யூனிட்டும் பக்கத்தில் நிற்காது. அதில் துளை மட்டும் போடாதீர்கள், வயரைப் பின்பக்கமாகவே இறக்குங்கள்.

ஆசாரியிடம் பேச வேண்டியவை

ரெடிமேடாக வாங்கினால் பெரும்பாலும் பார்ட்டிக்கிள் போர்டுதான் வரும். மோசமில்லை, ஆனால் அடர் நிறத்தில் அதன் முனை பெயர்ந்தால் உள்ளே இருக்கும் வெளிர் தூள் பளிச்சென்று தெரியும், அதோடு தினமும் மாப் போடும் ஈரம் அடிப்பகுதியில் ஏறினால் உப்பிக்கொள்ளும். அதனால் நான்கைந்து இன்ச் கால் வைத்ததாகவோ, சுவரில் தொங்குவதாகவோ வாங்குங்கள். கனமான நிறம், அடியில் தரை கொஞ்சம் தெரிந்தால்தான் ஹால் அகலமாகத் தெரியும், மாப்பும் உள்ளே போகும், கரையான் வந்தாலும் சீக்கிரம் கண்ணில் படும்.

ஆசாரியை வைத்துச் செய்தால் ஐ.எஸ். 303 தர முத்திரை போட்ட, ஈரம் தாங்கும் பிடபிள்யூஆர் (BWR) பிளைவுட் கேளுங்கள். ஐ.எஸ். 710 மரைன் பிளை சமையலறைத் தொட்டிக்கு அடியில் தேவைப்படும், ஹாலுக்கு அவ்வளவு செலவு வேண்டாம். பலகை 18 மில்லிமீட்டர் இருக்கட்டும். மூன்று அடிக்கு மேல் நடுவில் தாங்கல் இல்லாமல் விடச் சொல்லாதீர்கள், தொய்யும். சுவரில் ஓதம் இருக்கிற வீடு என்றால் முதுகுப் பலகையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு இன்ச் தள்ளி வையுங்கள். தொங்கும் யூனிட்டானால் சுவர் என்ன கல் என்று பார்க்க வேண்டும், புது ஃபிளாட்டுகளில் இருக்கும் லேசான ஏஏசி பிளாக்கில் சாதாரண ஸ்க்ரூ நிற்காது, அதற்கென்று இருக்கிற ஆங்கர்தான் போட வேண்டும். கால் வைத்ததானாலும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சுவரோடு ஒரு எல் கிளாம்ப் போட்டுவிடுங்கள், டிராயரைப் படியாக்கி ஏறும் வயசு அது.

வெளியே எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் உள்ளே மட்டும் வெள்ளை அல்லது கிரீம் மைக்கா ஒட்டச் சொல்லுங்கள். உள்ளேயும் கறுப்பு என்றால் ரிமோட்டுக்குப் போடும் பேட்டரியைத் தேடக்கூட டார்ச் வேண்டியிருக்கும். பிடி இல்லாமல் தள்ளினால் திறக்கும் கதவு இப்போது எல்லாரும் கேட்கிறார்கள், அடர் நிறத்தில் தள்ளுகிற இடத்திலேயே விரல் தடம் படியும். பழைய பித்தளை நிறத்தில் ஒரு சின்னக் கைப்பிடி போட்டால் தடமும் படியாது, அந்த நிறத்தில் அழகும் எடுக்கும்.

வயரிங்கை யூனிட் வருவதற்கு முன்பே முடிக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் இரண்டு பாயிண்ட், கீழே யூனிட் உயரத்துக்குள் குறைந்தது நான்கு. இரண்டையும் இணைக்கச் சுவருக்குள் இரண்டு இன்ச் பிவிசி பைப் ஒன்று போடச் சொல்லுங்கள், ஒல்லியான பைப்பில் எச்டிஎம்ஐ முனை நுழையாது. ரௌட்டருக்கான பாயிண்ட்டை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டால் கரண்ட் போனாலும் நெட் இருக்கும். செட்டாப் பாக்ஸைக் கதவுக்குள் அடைக்காதீர்கள், சூடாகும், ரிமோட்டும் வேலை செய்யாது. அதற்கு ஒரு திறந்த தட்டு ஒதுக்குங்கள்.

மேலே என்ன வைக்கலாம்

அடர் பலகை மேல் அடர் பொருள் வைத்தால் இருப்பதே தெரியாது. கறுப்பு ஃபிரேம் போட்டோ, கறுத்துப்போன வெண்கலச் சிலை இதெல்லாம் அங்கே வீண். பித்தளை, சுட்ட மண், வெள்ளைப் பீங்கான், பச்சைச் செடி, இவைதான் எடுக்கும். பாட்டி வீட்டிலிருந்து வந்த ஒரு பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, நன்றாகத் துடைத்து, வால்நட் பலகை மேல் ஓரமாக வைத்துப் பாருங்கள். பக்கவாட்டு விளக்கு வெளிச்சம் அதன் வயிற்றில் ஒரு கோடாக விழும், பலகையிலும் மங்கலாக அதன் மஞ்சள் படியும். அந்த ஒன்றே போதும் என்று தோன்றும், உண்மையிலேயே போதும். அடியில் மட்டும் ஃபெல்ட் ஒட்டுங்கள், பித்தளை விளிம்பு மைக்காவைக் கீறும்.

ஒரு பக்கம் உயரமாக ஒன்று, மறுபக்கம் தாழ்வாக இரண்டு, நடுவில் டிவிக்கு முன்னால் ஒன்றுமே வேண்டாம். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையின் சிவப்பும் மஞ்சளும் இந்தப் பலகைக்கு ரொம்பப் பொருந்தும். கிடைத்த கேடயங்கள், கல்யாணப் பரிசுகள் எல்லாவற்றையும் இங்கே அடுக்காதீர்கள், மேல்பரப்பில் பாதிக்கு மேல் காலியாக இருந்தால்தான் மர ரேகையே கண்ணில் படும், துடைப்பதும் சுலபம். செடியை யூனிட் மேல் வைக்காமல் பக்கத்தில் தரையில் தொட்டியாக வையுங்கள், தண்ணீரும் ப்ளக்கும் அருகருகே வேண்டாம்.

டிவிக்குப் பின்னால் எல்இடி ஸ்ட்ரிப் போடுவது வெறும் அலங்காரம் அல்ல, இருட்டில் படம் பார்க்கும்போது கண் கூசுவது குறையும். கலர் மாறும் வகை வேண்டாம். யூனிட்டுக்கு அடியில் போடும் ஸ்ட்ரிப் 3000 கெல்வின் வார்மாக இருக்கட்டும், அலுமினிய ப்ரொஃபைலுக்குள் மூடியோடு போடுங்கள், இல்லாவிட்டால் பளபளக்கும் டைல்ஸில் ஒவ்வொரு பல்பும் புள்ளி புள்ளியாகப் பிரதிபலிக்கும்.

ஹாலில் இந்த ஒரு பொருள் மட்டும் அடர் நிறமாக இருந்தால் ஒட்டாமல் நிற்கும். டீப்பாயின் கால், எதிர்ச் சுவரில் ஒரு ஃபிரேம் என்று இரண்டு இடத்தில் அதே நிறம் சின்னதாக வரட்டும், அது போதும், சோபாவையும் கர்ட்டனையும் அடர்த்தியாக்க வேண்டாம். கீழே விரிக்க ஒரு பவானி ஜமுக்காளம் வாங்குங்கள், அந்தப் பட்டைப் பட்டையான சிவப்பும் பச்சையும் அடர் பழுப்பின் முன்னால் அழகாக எடுக்கும்.

துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். பளபளப்புக்கு என்று தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் மைக்காவுக்கு ஆகாது, எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டி வெள்ளைத் திட்டாகிவிடும். வேலை முடிந்து ஆசாரி கிளம்பும்போது மிச்ச மைக்காத் துண்டுகளைத் தூக்கிப் போட விடாதீர்கள், கேட்லாக்கில் உள்ள கோட் நம்பரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த ஷேடு பின்னால் கடையில் கிடைக்காமல் போகலாம், ஒரு டிராயர் முகப்பு அடிபட்டால் ஒட்ட உங்களிடம் இருக்கும் அந்தத் துண்டுதான் உதவும்.