பக்கத்துத் தெரு உணவகமும் நம் தப்புக் கணக்குகளும்

ரயில் நிலையத்துக்கு எதிரே உணவகம் நடத்துபவருக்கு, இன்று சாப்பிட்டவர் மறுபடி வராவிட்டாலும் பெரிய கவலை இல்லை. அடுத்த ரயிலில் வேறு ஆட்கள் வந்து இறங்குவார்கள். புறநகர்க் குடியிருப்புக்குள் கடை போட்டவரின் நிலை வேறு. சுற்றியுள்ள சில நூறு வீடுகள்தான் அவருடைய உலகம். அந்த வீட்டுக்காரர்கள் மறுபடி மறுபடி வந்தால் அடுப்பு எரியும். இல்லையென்றால் சில மாதங்களில் பூட்டுத் தொங்கும். அப்படிப்பட்ட கடையை ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறோமே, தவறு அங்கேதான் தொடங்குகிறது.

உணவகங்களை அளக்க நாம் வைத்திருக்கும் புகழ்பெற்ற அளவுகோலே ஊர்சுற்றிகளுக்காகப் பிறந்ததுதான். பிரான்சின் மிஷ்லின் டயர் நிறுவனம் 1900-இல் கார் ஓட்டிகளுக்காக ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 1926-இல் அதில் நட்சத்திரம் வந்தது. 1931-இல் அது மூன்று படிகளாயிற்று. இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம் என்று பொருள். டயர் தேய்ந்தால்தானே வியாபாரம்! செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போகும் கடையை அந்தக் கோலால் அளக்க முடியாது. பண்டிகை நாளின் வியப்பை அங்கே எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். சமைக்கத் தெம்பில்லாத புதன்கிழமை இரவில் அது எப்படி இருக்கிறது என்பதே பார்க்க வேண்டியது.

இணைய மதிப்பெண்ணை நம்பும் விதத்திலும் இதே அவசரம் உண்டு. 4.8 என்று பார்த்ததும் மயங்கிவிடுகிறோம். எத்தனை பேர் போட்டது என்று பார்ப்பதில்லை. கணக்கு எளிது. 10 பேர் சேர்ந்து சராசரி 4.0 கொடுத்த கடைக்கு, உறவுக்காரர்கள் 10 பேர் வந்து ஐந்துக்கு ஐந்து போட்டால் அது 4.5 ஆகிவிடும். 1,000 பேர் சேர்ந்து 4.0 கொடுத்த கடைக்கு அதே 10 உறவினர் வந்தாலும் 4.01-ஐத் தாண்டாது. தவிர, கருத்து எழுத உட்காருபவர்களில் பெரும்பாலோர் ஒன்று உச்சி குளிர்ந்தவர்கள், அல்லது கொதித்துப் போனவர்கள். வாரந்தோறும் அமைதியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் ஆள் எதையும் எழுதுவதில்லை. அவர்தான் உங்களுக்கு வேண்டிய சாட்சி. எழுதியவற்றுள் பயன்படுவது அண்மைக் காலத்தில் எழுதியதும், இன்ன பண்டம் இன்ன நேரத்தில் இப்படி இருந்தது என்று குறிப்பாகச் சொல்வதும்தான். சமையற்காரர் மாறிய பிறகு, இரண்டு ஆண்டுக்கு முந்தைய பாராட்டு வேறொரு கடையைப் பற்றியது.

வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிட்டு, அதை வைத்தே கடையை எடைபோடுவது இன்னொரு அநியாயம். மூடிய பெட்டிக்குள் சூடான பொரித்த பண்டத்தை வைத்தால் எழும் ஆவி மூடியில் நீராகி மறுபடி அதன் மேலேயே சொட்டும். இருபது நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். அதற்குச் சமையற்காரர் என்ன செய்வார்? ஒரு கடையை முதன்முறை அறிய வேண்டுமானால் நேரில் போய் உட்காருங்கள். வரவழைப்பது அப்புறம்; அதுவும் பயணத்தைத் தாங்கும் பண்டமாகப் பார்த்து.

நேரில் போகிறவர்களும் நேரம் தவறுகிறார்கள். சனிக்கிழமை இரவு எட்டரைக்குப் போய், தாமதம் என்று முகம் சுளிப்பது ஒரு வகை. மதியக் கூட்டம் கலைந்து இரவுச் சமையல் தொடங்காத இடைவேளையில் போய், ருசியில்லை என்பது இன்னொரு வகை. இரண்டாவதில் உடல்நலக் கோணமும் சேர்ந்திருக்கிறது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது, சூடாக வைப்பதானால் 60 டிகிரி செல்சியசுக்கு மேல், குளிராக வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழ் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூட்டம் வரத் தொடங்கும் நேரத்தில் பாத்திரங்கள் விரைவாகக் காலியாவதால் எதுவும் நெடுநேரம் கிடப்பதில்லை. உச்சக் கூட்டத்துக்கு அரை மணி முன்னால் போவது என் வழக்கம்.

உணவுப் பட்டியலின் நீளத்தைத் தரமென்று எண்ணுவதையும் விட்டுவிடலாம். இரண்டு அடுப்பு, மூன்று ஆட்கள், நூற்றைம்பது பண்டங்கள் என்றால் அடிப்படைக் கலவை நான்கைந்துதான். மேலே தூவுவதும் பெயரும் மாறுகின்றன. அதில் குற்றமில்லை. பட்டியலில் யாருமே கேட்காத ஒன்றைத் தேடிப்பிடித்துக் கேட்டுவிட்டு, கடையே சரியில்லை என்பதுதான் குற்றம். பக்கத்து மேசைகளை ஒரு சுற்றுப் பாருங்கள். வாடிக்கையாளர்களின் தட்டில் திரும்பத் திரும்பத் தெரியும் பண்டம் எதுவோ, அந்தச் சமையலறைக்குக் கை வந்தது அதுதான்.

சுத்தத்தைப் பார்ப்பதிலும் கண் ஏமாறுகிறது. பளிங்குத் தரையையும் அலங்கார விளக்கையும் கண்டு நிம்மதி அடைகிறோம். பரிமாறுபவரின் கையுறையைக் கண்டால் இன்னும் நிம்மதி. அதே கையுறையோடு அவர் காசு வாங்கி மறுபடி உணவைத் தொட்டால், கழுவிய வெறுங்கை அதைவிட மேல். நான் பார்ப்பது மேசை துடைக்கும் துணியை, கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்பதை, பச்சை இறைச்சியும் சமைத்த உணவும் ஒரே பலகையில் புழங்குகின்றனவா என்பதை. ஒவ்வாமை உள்ளவர்கள் கூச்சம் பார்க்காமல் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும்: எல்லாவற்றையும் ஒரே எண்ணெயில்தான் பொரிக்கிறீர்களா? பண்டத்தில் சேர்க்காத பொருள் எண்ணெய் வழியே வந்து சேரும்.

இப்போது நானே செய்த தவறு. ஒருநாள் இரவு வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்தேன். அன்று மாலைதான் தெருமுனைக் கடையில் சாப்பிட்டிருந்தேன். பிறகென்ன, பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் கடையின் பெயரைக் கெடுத்தேன். கடைசியாகச் சாப்பிட்ட இடமே குற்றவாளி என்பது நம் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அது பெரும்பாலும் தவறு. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சு அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும் என்பது உண்மை. ஆனால் நோரோவைரசுக்கு 12 முதல் 48 மணி நேரம் ஆகும். சால்மொனெல்லா என்ற கிருமியால் வரும் நோய் ஆறு மணி நேரத்திலும் வரலாம், ஆறு நாள் கழித்தும் வரலாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ தலைகாட்ட 15 முதல் 50 நாள் ஆகும். ஆக, நேற்று முன்தினம் வீட்டில் மீந்ததைச் சூடாக்கி உண்டதும் சந்தேகப் பட்டியலில் இருக்கத்தான் வேண்டும். சோறு போன்ற வேகவைத்த தானியங்களை வெளியே ஆறவிட்டால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும்; அது விட்டுச்செல்லும் வாந்தி நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நான் குளிர்பெட்டியில் வைக்க மறந்த பாத்திரம் ஒன்று என் வீட்டிலேயே இருந்தது. அதைப் பற்றி யாரிடமும் நான் சொல்லவில்லை. ஒரே இடத்தில் சாப்பிட்ட, ஒரே வீட்டைச் சேராத பலருக்கு ஒரே காலத்தில் நோய் கண்டால் அப்போது கடையைச் சந்தேகிக்கலாம். உள்ளூர் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

நோய் இல்லாத சிறு குறைகளுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. உப்புக் கூடியிருந்தால் அங்கேயே, அப்போதே சொல்லலாம். பலர் அங்கே தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இணையத்தில் கொட்டுகிறார்கள். முகம் தெரிந்தவர் நேரில் சொல்லும் குறையைச் சின்னக் கடைக்காரர் எளிதில் தள்ளிவிடமாட்டார். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் அதுவும் கடையைப் பற்றிய செய்திதான்.

பரிந்துரைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். "அங்கே எல்லாமே நன்றாக இருக்கும்" என்று சொல்லி அனுப்பினால், போனவர் வந்து உங்களிடம்தான் சண்டை பிடிப்பார். எந்தப் பண்டம், எந்த நேரம், எந்தக் கிழமை விடுமுறை என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். உட்கார ஆறு இருக்கைதான் உண்டு என்றால் அதையும். கடைசியாக நீங்கள் போனது எப்போது என்பதை மறைக்காதீர்கள். "எனக்குப் பிடித்த கடை" என்று ஒருமுறை நான் ஒரு நண்பரை அனுப்பிவைத்தேன். அவர் அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்தார்: அந்த இடத்தில் இப்போது பேட்டரி கடை இருக்கிறதாம், மூடி ஒன்றரை ஆண்டாகிறதாம்.